கரையான்சாவடியில் மூன்று கரண்டி மஞ்சள்

நான் இவ்வளவு சிவப்பாக இருப்பேன் என்பது கரையான்சாவடிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெயின் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே, மாடி உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் பேனர். அதில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு பெண்மணி என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தாள். கீழே கொட்டை எழுத்தில், ‘மலேசியப் புகழ் சர்வதேச வண்ணக் கணித மேதை பரமேஸ்வரி அம்மையார் வருக வருக’.

ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஸ்டெல்லா என் முகத்தையும் பேனரையும் மாறிமாறிப் பார்த்தாள். “பளிச்னு வரணும்னு எங்க கரஸ்பாண்டென்ட் சார்தான் சொல்லிட்டாருக்கா” என்றாள், ஏதோ தன் தப்பு போல. ஆட்டோ ஓட்டுநர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“இது நீங்களாக்கா? இன்னாக்கா, நாலு நாளா பவுடர் கம்பெனி விளம்பரம்னு நெனச்சிகினு கீறேன் நானு.”

மலேசியாவில் என் புகழ் எங்கள் தெருமுனை ரொட்டி சானாய்க் கடையோடு முடிந்துவிடும். ஈப்போவில், ஒரு கோயில் மண்டபத்தின் பின்பக்கம் தாடிக்கா நடத்துகிறேன். தாடிக்கா என்றால் எங்கள் ஊரில் பாலர் பள்ளி. தலைமையாசிரியை, ஆசிரியை, மூக்குத் துடைப்பவள் எல்லாம் நான்தான்.

அங்கே பிள்ளைகளோடு நான் செய்கிற ஒரு வேலை உண்டு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஐஸ்கிரீம் கரண்டியால் எண்ணி எண்ணி வண்ணம் கலப்பார்கள். மூன்று கரண்டி மஞ்சள், ஒரு கரண்டி நீலம் போட்டால் ஒரு பச்சை. இரண்டுக்கு இரண்டு போட்டால் வேறொரு பச்சை. ஒன்றுக்கு மூன்று என்றால் இன்னொன்று. கலந்ததை ஒரு பெரிய துணியில் தங்களுக்கென்று ஒரு கட்டம் பார்த்துப் பூச வேண்டும். மஞ்சள் கூடுதலென்றால் இடப்பக்கம், நீலம் கூடுதலென்றால் வலப்பக்கம். எந்த நிறம் எத்தனை கரண்டி போட்டார்களோ, அந்த நிறத்தில் அத்தனை விரல்பொட்டைக் கட்டத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். மேதைமை எல்லாம் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் அடிதடி இல்லாமல் போகும் என்பதற்காகத்தான் ஆரம்பித்தேன்.

என் மருமகள் அதைக் கைப்பேசியில் பிடித்துப் போட்டாள். அது கடல் தாண்டி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு ப்ளே ஸ்கூலில் எல்கேஜி எடுக்கும் ஸ்டெல்லாவின் கைக்கு வந்தது. அவள் எனக்கு மூன்று கேள்வி அனுப்பினாள். என்ன கரண்டி? காய்ந்தால் நிறம் மாறுமா? வாயில் வைத்தால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிட்டது, இவள் நிஜமான டீச்சர் என்று. பல மாதம் பேசிக்கொண்டோம். எங்கள் பள்ளி விடுமுறை வந்தபோது, “எங்க ஊட்லயே தங்கிக்கலாம், வந்துடுங்கக்கா” என்றாள். கிளம்பிவிட்டேன். தோழி வருகிறாள் என்று அவள் பள்ளியில் சொல்லியிருக்கிறாள். அந்தச் செய்தி கரஸ்பாண்டென்ட் அறைக்குள் போய் வெளியே வரும்போது நான் மேதையாகியிருந்தேன்.

*

ஸ்டெல்லா வீடு ஐயப்பன்தாங்கலில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடி. விடிவதற்கு முன்பே டிப்போவில் பேருந்துகள் கனைத்து எழுந்துகொள்ளும். அவள் கணவர் அருளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசாதவர். மறுநாள் காலையில் முனைக் கடையிலிருந்து செட் தோசையும் வடகறியும் வாங்கி வந்தார்.

எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு ஊற்றுவார்கள். அதுதான் உலகத்தின் உச்சம் என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன். வடகறியின் முதல் வாயிலேயே அந்த எண்ணம் போய்விட்டது. சோம்பும் பட்டையும் மணக்க, உதிர்ந்தும் உதிராமலும் நாக்கில் நின்றது. “இது எதில் செய்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“கேக்காம சாப்புடுங்கக்கா” என்றார் அருள். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஈப்போவில் ஒருவர் சாலையோரம் சும்மா நின்றாலே கார்கள் நின்றுவிடும். குமணன்சாவடி சந்திப்பில் நானும் அப்படித்தான் நின்றேன். மெட்ரோ தூண்களைச் சுற்றிக்கொண்டு லாரி, வேன், ஆட்டோ, மூன்று பேர் உட்கார்ந்த பைக், எதிர்த்திசையில் ஒரு தண்ணீர் கேன் வண்டி என்று எல்லாம் போயின. என்னைத் தவிர எல்லோரும் எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, மறு கையை முன்னால் நீட்டி, மாதா சுரூபம் போல முகத்தை வைத்துக்கொண்டு நேராக நடந்தாள். லாரி நின்றது. நான் இந்து, ஆனால் அந்த நிமிடம் மனதுக்குள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன்.

*

பள்ளியின் பெயர் ‘இளந்தளிர் குளோபல் ப்ளே ஸ்கூல்’. குளோபல் என்பதற்கு ஆதாரமாக வாசலில் ஒரு சிமெண்ட் உருண்டை இருந்தது. கரஸ்பாண்டென்ட் தணிகாசலம் முன்பு மனை விற்றவராம். பேச்சில் அது இன்னும் போகவில்லை. யுகேஜியைச் சொல்லும்போது, “கார்னர் கிளாஸ் மேடம், ரெண்டு பக்கமும் காத்து” என்றார்.

அவருக்கு என் துணியின் மேல் பெரிய திட்டம் இருந்தது. பெற்றோர் விழாவில் அதை விரித்து, உலகின் மிகப் பெரிய மழலையர் வண்ணக் கணிதத் துணி என்று சாதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். சாதனை நடுவருக்கும் சொல்லியாகிவிட்டது. அட்மிஷன் நேரம், ஊரே பேச வேண்டும்.

“என்னென்ன கலர் மேடம்?” என்று கேட்டார்.

“சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றே போதும்.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “சிவப்பு ஒரு கட்சி. மஞ்சள் ஒரு சங்கம், அவங்க பசங்க ஆறு பேர் நம்மகிட்ட படிக்கிறாங்க. நீலம் வெச்சா இன்னொருத்தர் போன் பண்ணுவார். சரி, கலந்தா என்ன வரும்?”

“மஞ்சளும் நீலமும் பச்சை. சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சு.”

அவர் நெற்றியில் கை வைத்தார். “ஐயோ, அது ரெண்டும் தனித்தனியா பெரிய பிரச்சினை மேடம்.” நாற்காலியை என் பக்கம் இழுத்தார். “எந்தக் கட்சியிலயும் இல்லாத கலர் ஏதாச்சும் உங்க மலேசியாவுல கிடைக்குமா?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். எல்லா நிறத்துக்கும் சமமான கட்டம். யாருக்கும் மெஜாரிட்டி கூடாது. பிள்ளைகள் எதைக் கலக்கிறார்களோ அதுதான் வரும் என்றேன். “பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடலாம்” என்றார். என் ஆயுளில் பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவைத்து நடந்த காரியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் வந்த இடத்தில் வாக்குவாதம் வேண்டாமென்று தலையாட்டினேன்.

*

அடுத்த நாள் வண்ணம் கலக்கும் நாள். எங்கள் தாடிக்காவில் பிளாஸ்டிக் மேலங்கி இருக்கும். இங்கே புதன்கிழமைதோறும் வெள்ளைச் சீருடை, அன்று புதன். அழுக்காக்கக் கூடாது என்பது பள்ளியின் முதல் விதி. ஸ்டெல்லா தாய்மார்களிடம் அப்பாவின் பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தாள். பொத்தான் முதுகுப்பக்கம் வரும்படி மாட்டிவிட்டதும் வகுப்பே ஒரு தொழிற்பேட்டை போல ஆகிவிட்டது. செக்யூரிட்டி சட்டை, கூரியர் சட்டை, அம்பத்தூர் கம்பெனிகளின் நீலச் சட்டைகள், தரையைப் பெருக்கும் ஒரு கதர்ச் சட்டை.

மோனிகா என்று ஒரு பெண். அப்பா ஜல்லி லாரி ஓட்டுகிறவர். குரலும் லாரி ஹாரன்தான். அவளுக்கு ஜோடி கிஷோர். ஸ்டெல்லாவின் மூன்றாவது கேள்விக்கு உயிருள்ள விளக்கம். நீலக் கரண்டியை நக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

“டேய், ஒண்ணுதான் ஊத்த சொன்னேன். நீ ரெண்டு ஊத்திட்ட. இப்ப இன்னா பண்றது?” என்று மோனிகா இடுப்பில் கை வைத்தாள்.

“மஞ்சா இன்னும் ஊத்து” என்றான் கிஷோர்.

ஊற்றினார்கள். எண்ணி எண்ணி, மஞ்சள் ஆறு, நீலம் இரண்டு. பச்சை வந்தது. மோனிகா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஜோடியிடம் போய்ப் பார்த்தாள். அங்கே மூன்றுக்கு ஒன்று கலந்திருந்தார்கள். அதே பச்சை.

“மிஸ்! இவுங்க எங்களப் பாத்து காப்பி அடிச்சிட்டாங்க!”

“நாங்க ஒண்ணும் அடிக்கல. நாங்க மூணுதான், நீங்க ஆறு!”

“அப்போ எப்பிடி மிஸ் ஒரே கலரு வந்துச்சு?”

நான் வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன். “தெரியலையே” என்றாள் அவள், கலப்படமில்லாத பொய். “மறுபடியும் எண்ணிப் பாக்கலாமா?” நாலு பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து, இந்தக் கிண்ணத்துக்கு இது, அந்தக் கிண்ணத்துக்கு அது என்று விரல்பொட்டு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் மோனிகா, “நாங்க ரெண்டு வாட்டி அவுங்கள மாதிரியே பண்ணிகீறோம் மிஸ்” என்றாள். ஸ்டெல்லா திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது சந்தோஷமான முதுகு.

மதியத்துக்குள் துணி நிரம்பியது. அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். கோடு தாண்டி வழிந்திருந்தது. ஒரு கட்டத்தில் முழு உள்ளங்கை, ஒன்றில் கால், ஒன்றில் யாருடைய மூக்கோ. ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பொட்டுக்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தன.

தணிகாசலம் வந்து பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். “என்ன மேடம் இது, மெக்கானிக் ஷெட்ல வண்டி தொடைச்ச துணி மாதிரி இருக்கு. பேரன்ட்ஸ் பாத்தா டிசி கேப்பாங்க.”

“பிள்ளைகள் செய்ததுங்க.”

“அதான் மேடம், பிள்ளைங்க செஞ்ச மாதிரி தெரியுதே!”

அந்தத் துணி ஸ்டோர் ரூமுக்குப் போனது. பேனர் எழுதுகிற ஓவியர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். புதுத் துணியில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, டேப் ஒட்டி, கரஸ்பாண்டென்ட் கொடுத்த கணக்குப்படி எல்லாக் கொடிக்கும் சமமாக நிறம் அடிக்க ஆரம்பித்தார். பொட்டுக்களை எங்கே வைப்பது என்று கேட்டார். “டிசைன்தானே, பாத்து வையுங்க” என்றார் தணிகாசலம். பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கை கட்டி உட்கார்ந்து, தாங்கள் செய்கிற கூட்டு ஓவியத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

ஸ்டெல்லா அவரிடம் போனாள். “சார், பசங்க பண்ணதையே வெச்சிடலாம் சார்.”

“மிஸ்” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “அடுத்த வருஷம் எல்கேஜி ரெண்டு செக்‌ஷனையும் ஒண்ணாக்கலாமான்னு பாக்கறேன். ஒரு மிஸ் போதும்னு தோணுது. நீங்க என்ன நெனைக்கறீங்க?”

பஸ்ஸில் வீடு திரும்பினோம். இறங்கி நடக்கும்போதுதான் சொன்னாள், அருள் வேலை கான்ட்ராக்ட் என்று. எப்போது வேண்டுமானாலும் நாளை வர வேண்டாம் என்பார்கள் என்று. நான் மேடையில் ஏற மாட்டேன், ஊருக்குக் கிளம்பிவிடுகிறேன் என்றேன்.

“நீங்க போயிட்டா என்னத்தான் கேப்பாரு. நில்லுங்கக்கா, ப்ளீஸ்.”

*

விழாவுக்கு முந்தைய நாள் எனக்கு வேலை இல்லை. பூந்தமல்லிக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுத்தேன். சிக்கன் பக்கோடா தின்றேன். திரும்பும்போது பேருந்து நிலையத்தில் ஒரு கூட்டம் ஓடியது. நானும் ஓடினேன். ஏறுகிற கூட்டம் என்னையும் ஏற்றிவிட்டது. உட்காரவும் இடம் கிடைத்ததால், சரியான பேருந்துதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். என் அம்மா தெலுங்கு. ஊரில் எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் அந்த மொழியில்தான் நடக்கும். எனவே நன்றாகப் புரியும்.

“பேனர்ல ஒரு பொம்பள சிரிக்கிறாளே, யாரு அவ?” என்றாள் ஒருத்தி.

“சிங்கப்பூர்காரி. பெயின்ட் கலக்க சொல்லிக் கொடுக்க வந்திருக்கா.”

“என் பையன் ஃபீஸ் இல்லாமயே சேறு கலக்குறான்.”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்து, இடம் போதுமா என்று தமிழில் கேட்டாள். அடையாளம் தெரியவில்லை. என்னைச் சிவப்பாக்கிய பிளெக்ஸ்காரருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பிறகு மற்றவள் சொன்னாள். “சிரிக்காதே. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கட்டம் இருக்காம். கிஷோர் மூணு நாளா அதையேதான் பேசுறான். ஆறு கரண்டி, ரெண்டு கரண்டின்னு சாம்பார் ஊத்தும்போதுகூட எண்ணுறான். என் நாத்தனாரைத் திருத்தணியிலிருந்து வரச் சொல்லியிருக்கேன். அவ புள்ளைக்கு எல்லாம் வருது, என் புள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லுவா. நாளைக்கு அந்தக் கட்டத்தைக் காட்டுறேன் பார்.”

என் மடியில் இருந்த பக்கோடாப் பொட்டலம் கனத்தது. கிஷோரின் அம்மா. அவள் காட்டப்போகும் கட்டம் ஸ்டோர் ரூமில் கிடந்தது.

பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றது. “ஐயப்பன்தாங்கலா?” என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“இது ஆவடிம்மா. போர்டப் பாக்காம ஏறிகினு, இப்ப கேக்கற. எறங்கி அந்தாண்ட போய் நில்லு.”

அந்தாண்ட போய் நின்றேன். நல்ல டீ கிடைத்தது. எங்கள் ஊர் ஆற்றிய டீ, தே தாரேக், ஒரு கோப்பைக்கு அவர்கள் மூன்று கிளாஸ் ஊற்றுவார்கள்; ஆனால் அந்தச் சின்ன கிளாஸில் தூக்கிவாரிப்போடும் இஞ்சி. வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் நாத்தனார் கதையைச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். கேட்டுக்கொண்டிருந்த அருள்தான், “வாடகைய நான் பாத்துக்கறேன் ஸ்டெல்லா” என்றார். அவ்வளவுதான். எழுந்து ஷிப்டுக்குப் போய்விட்டார்.

*

விழா நாள். சிறப்பு விருந்தினர் காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தார். குமணன்சாவடி நெரிசலில் சிக்கியிருப்பதாக ஒரு போன்; அரை கிலோமீட்டர் நகர்ந்ததாக இன்னொரு போன். அவர் வராமலே விழா தொடங்கியது. எனக்குப் பொன்னாடை, மாலை, மேடையில் பிளாஸ்டிக் சிம்மாசனம். இரண்டு ஆயாக்கள் திரையை விலக்கினார்கள். ஓவியரின் துணி பளபளத்தது. கட்டங்கள் கத்தியால் வெட்டியது போல இருந்தன. கைதட்டல்.

கொளுத்தும் வெயிலில் கோட்டும் டையும் அணிந்து வந்திருந்த சாதனை நடுவர் டேப்பால் துணியை அளந்தார். கீழே பெற்றோர்கள் நெருங்கி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: எங்க புள்ளையோட கட்டம் எது?

மற்ற மிஸ்களுக்கு முன்னாடியே சொல்லிவைத்திருந்தார் தணிகாசலம்: ஏதாவது ஒன்றைக் காட்டிவிடுங்கள். காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வெவ்வேறு ஜோடிப் பிள்ளைகளின் தாய்மார்கள் இருவர் ஒரே கட்டத்தின் முன் நின்று செல்பி எடுக்க ஆரம்பித்தார்கள்.

“அக்கா, கொஞ்சம் நவுருங்க. இது எம் பொண்ணோடது.”

“இன்னாது, உம் பொண்ணோடதா? இப்பத்தான் மிஸ்ஸு என் பையனோடதுன்னு காட்டிகினு போனாங்க!”

குரல்கள் ஏறின. நிலைமையைச் சமாளிக்க நடுவர் மைக்கை எடுத்தார். நல்ல மனிதர், பிள்ளைகளைப் பேசவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார். கையை உயர்த்திக்கொண்டு குதித்த முதல் குழந்தையை மேலே அழைத்தார். மோனிகா.

“பாப்பா, இந்தக் கட்டத்தைப் பாத்து, எத்தனை கரண்டி என்ன கலர்னு சொல்லு பாக்கலாம்.”

மோனிகா கிட்டே போய் விரல் வைத்து எண்ணினாள். முகம் சுருங்கியது. மைக் தேவையில்லாத அந்தக் குரல் மைக்கில் வந்தது.

“இது தப்பு. அஞ்சு மஞ்சா பொட்டு கீது, ஒரு நீலப் பொட்டு கீது. ஆனா கலரு ஃபுல்லா நீலமா கீது. இப்பிடி வராது.”

கூட்டம் சிரித்தது. நடுவர் அடுத்த கட்டத்தைக் காட்டினார். “இதுவும் தப்பு” என்றாள். அதற்கடுத்ததும் தப்பு. பிள்ளைகள் கூட்டத்திலிருந்து உற்சாகமாக “தப்பு! தப்பு!” என்று கோரஸ் கிளம்பியது. சாதனைத் துணியை எல்கேஜி வரிசையாகத் திருத்திக்கொண்டே போனது.

“அப்போ உன்னோட கட்டம் எது?” என்றார் நடுவர்.

“அது இதுல இல்ல. இது பெயின்ட் அங்கிள் பண்ணாரு.”

எல்லோரும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். தணிகாசலமும் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு செக்‌ஷனும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் கிஷோரின் அம்மா நின்றிருந்தாள், பக்கத்தில் உதட்டைச் சுழித்தபடி ஒரு பெண்மணி. திருத்தணியாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்டெல்லா ஓரடி முன்னால் வந்தாள். “குழந்தை சொல்றது சரிதாங்க. இது நம்ம பசங்க பண்ணது இல்ல. அவங்க பண்ணது ஸ்டோர் ரூம்ல இருக்கு.”

அதற்குப் பிறகு என்னால் சிம்மாசனத்தில் உட்கார முடியவில்லை. மாலையும் பொன்னாடையுமாக இறங்கிப் போய் வாட்ச்மேனிடம் சாவி கேட்டேன். கரஸ்பாண்டென்டைக் கேட்காமல் தரக் கூடாது என்று அவருக்கு உத்தரவாம். என் பொன்னாடையைப் பார்த்தார். மேதைகளுக்கு அந்த விதி பொருந்தாது என்று முடிவு செய்து கொடுத்துவிட்டார்.

துணியை நாங்கள் விரிக்கவில்லை. பிள்ளைகள்தான் இழுத்து வந்து தரையில் விரித்தார்கள். விரித்த வேகத்தில் அதன்மேலேயே உட்கார்ந்து பொட்டு எண்ணினார்கள். “அம்மா, இங்க!” “அப்பா, இது என் காலு!” பெற்றோர்களும் குனிந்து எண்ணத் தொடங்கினார்கள். கிஷோர் தன் அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஆறு, இரண்டு, பக்கத்தில் மூன்று, ஒன்று என்று காட்டினான். ரெண்டும் ஏன் ஒரே பச்சை என்று கேட்டான். அத்தைக்குத் தெரியவில்லை. கிஷோர் மிகப் பொறுமையாக விளக்கினான். அவன் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். திருத்தணிக்காரி ஸ்டெல்லாவைக் காட்டி, “எங்க ஊர்லயும் இந்த மிஸ் வருவாங்களா?” என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

தணிகாசலம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு மனை விற்ற நாட்கள் அவரைக் காப்பாற்றின. மைக்கைப் பிடுங்கினார். “அன்பான பெற்றோர்களே! தப்பான துணியை முதல்ல காட்டி, நம்ம குழந்தைங்க அதைக் கண்டுபிடிக்கறாங்களான்னு பாக்கறதுதான் நாங்க திட்டமிட்ட சர்ப்ரைஸ் டெஸ்ட்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. நடுவர் என் பக்கம் குனிந்து, “எந்தத் துணிக்கு சான்றிதழ் கொடுக்கறது மேடம்?” என்று கேட்டார். சான்றிதழ் முன்னமே அச்சாகி, கண்ணாடி போட்டு மேஜைமேல் இருந்தது. படித்துப் பார்த்தோம். அதில் எந்தத் துணி என்று எழுதியிருக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

மாலையில் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார் தணிகாசலம். ஏசி ஓடியும் அவருக்கு வியர்த்திருந்தது.

“அந்தப் பாப்பாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது மிஸ்?”

“எண்ணச் சொல்லிக் கொடுத்தேன் சார். அவ எண்ணிட்டா.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். வெளியே வராந்தாவில் தம்பி தங்கைகளுக்கு இடம் கேட்டு நாலைந்து பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கேட்டது ஸ்டெல்லா மிஸ் வகுப்பு. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“ரெண்டு செக்‌ஷனும் இருக்கட்டும்” என்றார் கடைசியில். “அந்தக் கரண்டி கிளாஸை யுகேஜிக்கும் நீங்களே எடுத்துடுங்க.” இரண்டு வகுப்பு, ஒரு ஆள். வேலை போகவில்லை, இரட்டிப்பாகிவிட்டது. ஸ்டெல்லா சரி என்றாள். பிறகு, தன் வகுப்பில் புதன்கிழமை வெள்ளைச் சீருடை கிடையாது என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அவர் கால்குலேட்டரை எடுத்தார், என்ன கணக்குப் போடுவது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டார்.

*

கிளம்புகிற நாள் காலையில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போகலாமென்று பள்ளிக்குப் போனேன். துணியைக் காம்பவுண்ட் சுவரில் மாட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் விடியற்காலையிலேயே ஏணி வைத்து, ஆணி அடித்து, பிரமாதமாக மாட்டியிருந்தார். தலைகீழாக.

மாற்ற முடியாது, ஆணியெல்லாம் கான்கிரீட் ஆணி என்றார்.

எல்கேஜி மொத்தமும் வெளியே வந்து நின்று பார்த்தது. கட்டங்களைக் காணோம். இடம் வலமாகி, மேல் கீழாகியிருந்தது. இரண்டு பேர் அழத் தயாரானார்கள். அப்போது மோனிகா திரும்பி நின்று, குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தாள். “கெட்ச்சிருச்சு! எங்களுது அங்க கீது!” அவ்வளவுதான். அடுத்த நிமிடம் வகுப்பே முதுகைக் காட்டிக் குனிந்து, காலுக்கு நடுவே தலை தொங்க, உரக்க எண்ணிக்கொண்டிருந்தது.

“நீங்களும் குனிங்க மிஸ்” என்று என் புடவையை இழுத்தான் கிஷோர்.

என் வயதுக்கும் இடுப்புக்கும் அது அடுக்காது. ஸ்டெல்லா தோளைப் பிடித்துக்கொள்ள, முடிந்தவரை குனிந்தேன். மஞ்சள் இடப்பக்கம் போய் உட்கார்ந்தது. நீலம் வலப்பக்கம். நடுவில் எல்லாப் பச்சைகளும் வரிசையாக.

அந்த நேரம் பார்த்து, புதிதாகச் சேர்க்க வந்த ஒரு தம்பதிக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டியபடி தணிகாசலம் வாசலுக்கு வந்தார். சுவரையும், குனிந்திருந்த அத்தனை முதுகுகளையும், நடுவே சர்வதேச மேதையின் முதுகையும் பார்த்தார். தலைகீழாக இருந்ததால் அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு கணம்தான் தயங்கினார்.

“பாத்தீங்களா?” என்றார் அவர்களிடம். “யோகாவும் உண்டு.”